லேப்டாப்பில் அழுத உருமி

இதை எழுதட்டுமா என்று மேல்மாடி அக்காவிடம் போய்க் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேரு போடாம எழுது. அப்புறம், நான் குண்டா இருக்கேன்னு எழுதிறாத" என்றார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

எனக்குச் சத்தப் பைத்தியம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வேலையிடத்திலும் தெரிந்துவிட்டது. மலேசியாவில், ஈப்போவில் ஒரு பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் நிற்கிறேன். பெட்டியை வாங்கி, எடை போட்டு, பார்கோடைக் கருவியால் ஸ்கேன் செய்து, பின்னால் தள்ளிவிடும் வேலை. பார்கோடு கிழிந்திருந்தால் அந்தக் கருவி 'பீ...' என்று நீளமாகக் கத்தும். என்னுடையது ஒரு சுருதி. பக்கத்துக் கவுண்டர்ச் சீனப் பெண்ணின் கருவி அதைவிட ஒரு மயிரிழை கூட. இரண்டும் ஒரே நேரத்தில் கத்தினால் சத்தம் அப்படியே நிற்காது. 'வாவ்... வாவ்... வாவ்' என்று அலையடிக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அதற்குப் பிறகு நல்ல பார்கோடைக்கூட விரலால் பாதி மறைத்துக் கத்தவைத்திருக்கிறேன். "கீலா!" என்று அவள் மலாயில் திட்டுவாள். பைத்தியம் என்று அர்த்தம். மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

அந்த அலையை நாமே உண்டாக்கலாம், அதற்கு ஒரு மென்பொருளே இருக்கிறது என்று தெரிந்த நாளில் நான் சோறுகூட ஆக்கவில்லை. லேப்டாப் திரையில் ஒரு சின்தசைசர் வந்து நிற்கும். அதற்குள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள், அதாவது இரண்டு ஒலி ஊற்றுகள். இரண்டும் ஒரே சுரத்தைப் பாடும். 'டீட்யூன்' என்ற குமிழைத் தொட்டால் ஒன்று மற்றதைவிட்டுக் கொஞ்சம் விலகும். சுருதியை வேண்டுமென்றே கெடுப்பது, அவ்வளவுதான். கொஞ்சமாக விலகினால் சத்தம் மெல்ல அலையும். கூட விலகினால் வேகமாக நடுங்கும். இன்னும் விலக்கினால் இரண்டும் கோபித்துக்கொண்டு வெவ்வேறு சுரமாகிவிடும். என் வீட்டுக்காரர் சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டுகிறவர். அன்று பசியோடு வந்தவரை உட்காரவைத்து இதையெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, பொங்குஸ் வாங்கிட்டு வாரேன்" என்று பொட்டலச் சோறு வாங்கக் கிளம்பிவிட்டார். ஆனால் அடுத்த மாதமே ஒரு குட்டி கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவரும் அவர்தான். அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கட்டைவிரலால் மேலே தள்ளலாம், கீழே இறக்கலாம். எந்தக் குமிழோடு வேண்டுமானாலும் அதைக் கட்டிவிடலாம்.

என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி ஈப்போவில் நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கரையில் தனியாக நிற்பதைப் போல ஒரு புது நடனம் அமைத்திருந்தாள். அதற்கு உருமி வேண்டும், அதுவும் மெதுவாக வேண்டும். உருமி மேளம் வாசிக்கும் பையன்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மெதுவாக வாசித்தால் எங்களுக்கு மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே, உருமிய அழவை பாக்கலாம்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உருமி! எங்கள் அண்ணன் ஒரு குழுவில் வாசித்தவன். வீட்டு மூலையில் அந்த மேளம் கிடக்கும், ஆனால் நான் கைவைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் "பொம்பளப் புள்ள தொடக்கூடாதுன்னா கூடாது லா" என்று எங்கள் ஊர் 'லா'வைப் போட்டு முடித்துவிடுவான். அதுதான் காரணம், அதற்குமேல் காரணம் கிடையாது. சரி, தொடாமலே வாசித்துக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உருமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் தட்டுவார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் 'ஊம்ம்ம்...' என்ற அழுகை பிறக்கிறது. தட்டுவது எனக்குச் சுலபமாக வந்துவிட்டது. அழுகை வரவில்லை. இரண்டு ஆஸிலேட்டரையும் அடிமட்டத்துக்கு இறக்கி, கொஞ்சம் விலக்கி, குச்சி உரசும் கரகரப்பைச் சேர்த்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"உருமி மாதிரிதான் இருக்கு. ஆனா அழல லா. ரப்பர் பொம்மைய அமுக்கின மாதிரி இருக்கு."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம். விலகல் ஒரே அளவில் நின்றால் அலையும் ஒரே அளவில் அடித்துக்கொண்டிருக்கும், அதில் உயிர் இருக்காது. எனவே விலகலையே ஆடவைத்தேன். அதற்கு மென்பொருளில் எல்.எஃப்.ஓ என்று ஒன்று இருக்கிறது. தானாக முன்னும் பின்னும் போய்வரும் ஊஞ்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை டீட்யூன் குமிழோடு கட்டிவிட்டேன். இரண்டு சுரமும் விலகின, சேர்ந்தன, விலகின, சேர்ந்தன. முதலில் ஆகா என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேசை விசிறி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல ஆகிவிட்டது. அடுத்த திருப்பம் எப்போது வரும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தோழி இந்தத் தடவை சிரிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பழைய சி.டி. ஒன்றைப் போட்டு ஆடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. கைப்பேசியில் கிடந்த திருவிழா வீடியோக்களை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டேன். வளைந்த குச்சி தோலில் அழுந்தும்போது சத்தம் இரண்டாகக் கிழிகிறது. தேய்ப்பு போகப் போக அந்த இரண்டும் ஒன்றையொன்று தேடி நெருங்குகின்றன. நெருங்க நெருங்க அலை வேகம் குறைகிறது. எல்லாம் அவ்வளவுதான்! ஊஞ்சலைக் கழற்றி எறிந்துவிட்டு, விலகலைக் கட்டைவிரல் சக்கரத்தோடு கட்டினேன். ஒரு விரலால் சுரத்தை அமுக்கி, சக்கரத்தை முழுக்க மேலே தள்ளி, மெல்ல மெல்ல இறக்கினேன். வாவ்வாவ்வாவ், வாவ்-வாவ், வாவ்... வாவ்..... வா........ இரண்டும் சேர்ந்துவிடப் போகின்றன என்று நாம் மூச்சைப் பிடிக்கும் நேரத்தில் சக்கரத்தை ஒரு நூல் மேலே தூக்கினால் மறுபடியும் பிரிந்துபோகும். பிரியும்போது ஒரு விம்மல்.

அழுதது. என் லேப்டாப் அழுதது. நான் எழுந்து சமையலறை வரைக்கும் ஓடி, அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் திரும்ப ஓடிவந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மறுபடி வாசித்தேன்.

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: திருவிழா மாதத்தில், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், வாசல் கதவு திறந்திருக்க, வீட்டுக்குள் சும்மா உருமி வாசிக்கக் கூடாது. விரதம் இருக்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். தொலைக்காட்சியில் உருமி வந்தால்கூடச் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். எனக்கும் தெரியும். ஆனால் என் மனதில் அது உருமியாகவே இல்லை. அது இரண்டு ஆஸிலேட்டர்.

மேல்மாடி அக்கா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், மீன்காரனை அழவைத்துவிட்டுத்தான் மீன் வாங்குவார். சீரியல் கதையை எனக்கு மாடிப்படியில் உட்காரவைத்துச் சொல்வார். ஆனால் வருடத்தில் ஒருநாள் அவர் வேறு ஆள். கோலா கங்சார் போகிற வழியில் ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, அம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தத் திருவிழாவில் அக்கா மேல் அம்மன் வரும். வாக்குக் கேட்க ஆயர் தாவாரிலிருந்துகூடக் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் கிண்டல் செய்ததில்லை, நம்பியதும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா கையில் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தார். என்னிடம் வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

டப்பா உருளும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கம்பியைப் பிடித்திருந்த கை அதைக் குலுக்கியது.

பயத்தில் லேப்டாப்பை மூடக் கை நீட்டினேன். குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் துண்டோடு பாய்ந்து வந்தார்.

"நிறுத்தாத! நிறுத்தாத! பாதில நிறுத்தினா அக்காவுக்கு ஆகாது!"

அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமி வந்துவிட்டால் மேளம் பட்டென்று நிற்கக் கூடாது. வந்தவளை மெல்ல மலையேற்ற வேண்டும். ஆனால் இங்கே மேளக்காரன் எங்கே? நான்தான் இருந்தேன். ஒரு கையில் சுரம், ஒரு கையில் சக்கரம், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆள் முன்னால் வாசிக்கிறேன், அந்த ஆளும் அம்மன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து அக்காவை உள்ளே விட்டார். கற்பூரம் ஏற்றினார். குளிர்பெட்டியைக் கவிழ்க்காத குறையாக எலுமிச்சம்பழம் தேடி எடுத்தார். கைகூப்பிக்கொண்டு கேட்டார்.

"தாயி, யாரு வந்துருக்கிறது? சொல்லு தாயி."

"யாருடா என்னக் கூப்புட்டது?"

அக்காவின் குரல் இல்லை அது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நான்தான் தாயி" என்றேன். கண் திரையில்தான் இருந்தது. விலகல் எவ்வளவு, அலை எவ்வளவு என்று அங்கேதானே தெரியும்?

"கூப்புட்டுட்டு எங்க பாக்குற? என்னப் பாரு."

பார்த்தேன். பார்த்த பிறகு திரை தேவைப்படவில்லை. அக்காவின் தோள் ஆடுவதைப் பார்த்துச் சக்கரத்தைத் தூக்கினேன். தோள் தளரும்போது இறக்கினேன். எது முதலில் நடந்தது, அவர் ஆடியதா நான் திருகியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் குமிழ் குமிழாகத் திருகிக் கிடைக்காதது எல்லாம் அந்த நேரத்தில் கட்டைவிரலுக்குத் தானாக வந்தது. வீட்டுக்காரர் திருநீறு பூசி, "மலையேறு தாயி" என்று சொல்லச் சொல்ல, இரண்டு சுரத்தையும் அங்குலம் அங்குலமாக நெருங்கவிட்டேன். கடைசி அலை அடங்கி இரண்டும் ஒன்றானபோது அக்கா தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தேன்.

மஞ்சள் தண்ணீர் குடித்துவிட்டு அக்கா கூந்தலை முடிந்தார். நாலு பக்கமும் பார்த்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மேளம் எங்க?"

அக்காவின் கண் மேசை மேல் போய் நின்றது. லேப்டாப், குட்டி கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "இதுவா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் மேலே ஏறிப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று சாயங்காலம் எனக்கு அக்காவின் முகம் பெரிதாகப் படவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் செய்த சத்தத்துக்கு அம்மன் வந்துவிட்டாள்! இதைவிட யார் எனக்குச் சான்றிதழ் தர முடியும்? அண்ணனுக்குப் போன் போட வேண்டும், ஊருக்கே போன் போட வேண்டும் என்று கைப்பேசியை எடுத்தேன். வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு சாமி ஆடினாங்கன்னு வெளிய தெரிஞ்சா, அக்காகிட்ட நாளைக்கு எவன் வாக்கு கேப்பான்? யோசிச்சுப் பாரு லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சந்தோஷம் முழுக்க எதில் இருந்ததோ அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. அன்றிரவே புது உருமியைத் தோழிக்கு அனுப்பினேன். அவள் போன் செய்து, "யார புடிச்ச? எந்தக் குரூப்பு ஆளு?" என்று கத்தினாள். நானே செய்தது என்றேன். நம்பவே இல்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அடுத்த வாரம் முழுக்கப் பார்சல் கவுண்டரில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். சீனப் பெண் பயந்து ஒதுங்கிப்போனாள்.

அக்கா வரவில்லை. படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீரியல் கதை நின்றுபோயிற்று. நாள் ஆக ஆக என் சிரிப்பும் குறைந்தது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் மதியம், வீட்டுக்காரர் லாரி எடுத்துக்கொண்டு போயிருந்த நேரம், அக்கா வந்து கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எத்தன பேருக்கு வாக்கு சொல்லிருக்கேன் தெரியுமா? இந்தப் பையன கட்டிக்கன்னு சொல்லிருக்கேன். அந்த வேலய விட்டுருன்னு சொல்லிருக்கேன். ஆத்தா சொல்றான்னுதான எல்லாரும் கேட்டாங்க? இப்ப பாத்தா பொட்டியத் தொறந்தா ஆடுறேன். அப்ப நான் இத்தன வருஷமா ஆடினது ஆத்தாளுக்கா, இல்ல சத்தத்துக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. அத திருப்பிப் போடு. நான் கெட்டியா ஒக்காந்துருப்பேன். அப்பவும் ஆடிட்டேன்னா சத்தந்தான். நாளைக்குப் போமாட்டேன். இனிமே எப்பயும் போமாட்டேன்."

நான் ஏமாற்றியிருக்கலாம். விலகலைச் சும்மா விட்டுவிட்டு வாசித்தால் ஒன்றும் நடக்காது. அக்கா நிம்மதியாகக் கோயிலுக்குப் போவார். ஆனால் அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு இந்தச் சக்கரத்தத்தான திருகின?" என்றார். அது ஒருபக்கம். மறுபக்கம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த உருமியைக் கெடுத்து வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இரண்டு சுரத்தையும் ஒன்றாகவே வைத்து வாசித்தேன். அக்கா நாற்காலியில் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் விலக்கி அப்படியே நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. பழைய ஊஞ்சலைக் கட்டிப் பார்த்தேன். "இது என்னடி, ஃபேன் சுத்துது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.

முதல் தேய்ப்பிலேயே அக்காவின் கழுத்து விறைத்தது. இரண்டாவதில் கால்விரல்கள் தரையைப் பிடித்தன. நாற்காலியின் கால் டைல்ஸில் தடதடத்தது. "போதும்... போதும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மெல்ல இறக்கி முடித்தேன்.

"பாத்தியா" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "சத்தந்தான்."

அலை, விலகல் என்று ஆரம்பித்தேன். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெளக்கம் சொல்லாத! தள்ளு, நான் திருகிப் பாக்கிறேன். நீ கட்டைய அமுக்கு. வெறும் சத்தந்தான்னா, நீ செய்யிறத நானும் செய்யலாமே."

நான் கீபோர்டின் கட்டையை அமுக்கிக்கொண்டு நின்றேன். அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சக்கரத்தைப் பிடித்தார். முதல் திருகலில் வாலை மிதித்த பூனைபோல ஒரு சத்தம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அத்தனை நாளுக்குப் பிறகு அக்கா சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. "சாபார், சாபார், பொறுமையா" என்று தனக்குத் தானே மலாயில் சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

அவர் என்னைப் போலத் திருகவில்லை. நான் எப்போதும் மெல்ல மெல்ல நெருங்கவிடுவேன். அக்கா இரண்டையும் தூரத்திலேயே விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இரண்டும் தவிக்கட்டும் என்பதுபோல வெகுநேரம் விட்டார். பிறகு ஒரே இழுப்பில் பக்கத்தில் கொண்டுவந்து, தொடவிடாமல் அங்கேயே நிறுத்தினார். அலை நின்றுவிட்டதா இன்னும் ஓடுகிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாயிற்று. இப்படிச் செய்யலாமா, எனக்கு ஏன் தோன்றவில்லை, இதைப் பதிவுசெய்யாமல் விட்டேனே என்று என் மண்டை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குப் பின்னால் ஏதோ சூடாக இறங்கியது. அக்கா மறுபடி இரண்டையும் பிரித்தார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது தரை. டைல்ஸ் கன்னத்தில் சில்லென்றிருந்தது. என் தலைமுடி முகமெல்லாம் பரவிக் கிடந்தது. அக்காவின் உள்ளங்கை திருநீற்றோடு என் நெற்றியில் அழுந்தியிருந்தது.

"எந்திரிக்காத. தண்ணியக் குடி."

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னு என்னயக் கேளு! கட்டையிலேர்ந்து கைய எடுத்துட்ட. சத்தம் நின்னுருச்சுன்னா உனக்கு ஆகாதே? நான் ஒரு கையால கட்டைய அமுக்கி, ஒரு கையால திருகி உன்ன எறக்கினேன். அப்பப்பா, அந்த ஆட்டம்!"

"நான் ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்ச." அக்கா என் முகத்தில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். "அப்படி ஒரு சிரிப்பு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, அதோடு எங்கேயாவது ஓடிப்போய்க் கத்த வேண்டும் போல ஒரு சந்தோஷம். இது விரதமும் இல்லாமல் நம்பிக்கையும் இல்லாமல் நின்ற எனக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அக்கா அதற்காகவே காத்திருந்தவர்போல விரல் நீட்டினார்.

"அதத்தான் நானும் கேக்கிறேன். காலைல மீன் கறி தின்னவ நீ. நாள்கணக்கா இதே சத்தத்தக் காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தியே, அப்பல்லாம் வந்துச்சா? வரலயே. சத்தம் மட்டுந்தான்னா அன்னிக்கே வந்துருக்கணுமே?"

வேறு கை வாசித்தது, அந்தக் கை என்னைப் பார்த்து வாசித்தது என்று ஒரு விளக்கம் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அக்காவின் முகத்தில் பழைய அக்கா திரும்பியிருந்தார், மீன்காரனை ஒரு கை பார்க்கிற அக்கா. கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குக் கோயிலுக்கு வெள்ளென கெளம்பிருவேன். உன் வீட்டுக்காரர வண்டி எடுக்கச் சொல்லு. நீயும் வா, சும்மா நின்னு பாரு."

கிரில் கதவைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு படி ஏறியவர் நின்றார். கீழே இறங்கிவந்து, மேலேயும் கீழேயும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு வெட்கம், அந்த அக்காவிடம் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"ஏய், நான் நல்லா வாசிச்சேனா?" என்று கேட்டார்.

"என்னயக் கேட்டா எப்படிக்கா?" என்றேன். "நான்தான் இங்க இல்லயே!"